படகுக்குப் போகாத விளக்கு

அறுபது தாண்டியும் அவள் பெயர் சின்ன ராணிதான். முட்டி வலிக்குத் தைலம் வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர்கூட, "வாங்க சின்ன ராணி" என்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாடகத்தில் நடித்ததற்குக் கிடைத்த பட்டம் அது. 'ராணி' அவளுக்குப் பிடிக்கும். அந்தச் 'சின்ன'தான் முப்பது வருஷத்துக்கு மேலாகச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

நாடகத்தின் பெயர் 'படகுத்துறை ராணி'. முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நகர்கிற நாடகம். படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற ஒருத்தி, அக்கரைக்குப் போன காதலன் திரும்பி வருவான் என்று ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் படகு வருகிறது, ஆள் வரவில்லை. இவ்வளவுதான் கதை. ஆனால் பாட்டுகள் ஜனங்களின் வாயில் அப்படி ஒட்டிக்கொண்டன. முதன்முதலில் மேடையேற்றியபோது ராணியாக நடித்தவர் பெரிய ராணி. எட்டு வருஷம் கழித்து அதையே மறுபடி போட்டபோது நடித்தவள் இவள். முதலில் வந்தவர் பெரியவர் என்றால் பின்னால் வந்தவள் சின்னவள்தானே என்று ஜனங்களே ஒரு கணக்குப் போட்டுப் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

ஊர் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் இருந்தார் பாருங்கள், அவரைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் அவளுடைய புருஷன்.

இரண்டு மேடையேற்றத்துக்கும் ஸ்பாட் லைட் பிடித்தவர் அவர். நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'ஸ்பாட்டு'. அரங்கின் பின்சுவரில், ஜனங்களின் தலைக்கு மேலே, ஏணி வைத்து ஏறுகிற புறாக்கூண்டு மாதிரி ஓர் அறை. அதற்குள் அடுப்பாய்க் கொதிக்கிற ஒரு விளக்கு. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மேடையில் யாரைப் பார்க்கவேண்டுமோ அவர்மேல் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பெரிய ராணியையும் சின்ன ராணியையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே விளக்கில் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் கேட்டார்கள், எந்த ராணி உசத்தி என்று. அவரும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொன்னார்.

"அசல் அசல்தாங்க."

பேருந்தில் கேட்டாலும் அதுதான், கல்யாண வரவேற்பில் கேட்டாலும் அதுதான். அவர்களுடைய மகள் பல் டாக்டர். அவளே அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, அவருக்கு வலி தெரியாமல் இருக்கட்டும் என்று நர்ஸ் பேச்சுக்கொடுத்து, எந்த ராணி சார் நல்லா நடிச்சாங்க என்று கேட்டுவைத்தாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு மனிதர், "அஅல்" என்றார்.

ஒரே ஒரு தடவை, பேச்சுக்காவது, 'நீதான்' என்று சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? அதைத்தான் அவள் இத்தனை வருஷமும் எதிர்பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கமட்டும் மாட்டாள். கேட்டு வாங்கினால் அதில் என்ன மரியாதை இருக்கிறது?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நாடகத்தின் முடிவில், ஆளில்லாத படகு மெல்ல மேடைக்குள் வரும். ராணி பாடிக்கொண்டிருப்பாள். அவள் கடைசி வரியைத் தொடங்குவதற்குள் விளக்கு அவளை விட்டு விலகிப் படகுக்குப் போய்விடவேண்டும். கடைசி வரியை அவள் இருட்டில் நின்று பாடவேண்டும். அசலில் அப்படித்தான் நடந்ததாம். சின்ன ராணியின் முறை வந்தபோது என்ன ஆயிற்று என்றால், விளக்கு நகரவே இல்லை. அவள் முகத்திலேயே அப்பிக்கொண்டு நின்றது. வரி முடிந்து, திரை பாதி இறங்கிய பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி அடித்துப்பிடித்துப் படகுக்கு ஓடியது.

ஒரு நாள் என்றால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். தினமும் அதே கதை. இயக்குநர் தினமும் ஏணிக்குக் கீழே நின்று, "இன்னிக்கும் லேட்டு!" என்று கத்துவார். மேலேயிருந்து, "நாளைக்குச் சரியா பண்ணிடறேன் சார்" என்று குரல் வரும். மறுநாளும் விளக்கு நகராது. ஒரு பத்திரிகை எழுதிய வரி அவளுக்கு மனப்பாடம். 'அசலில் இருட்டு பாடியது. இப்போது விளக்கு தூங்கிவிட்டது.'

நாடகம் தொடங்கிய வாரமே அவள் பொறுமையிழந்து ஏணியில் ஏறிவிட்டாள், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று. சண்டை போட ஏறியவள் அந்த வருஷமே கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாள் என்பது வேறு விஷயம். கல்யாணமானாலும் சந்தேகம் போகவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் மயிரிழை பிசகாத கை, அவளுடைய கடைசிப் பாட்டில் மட்டும் எப்படித் தூங்கும்? பெரிய ராணிமேல் இருந்த விசுவாசம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த அம்மாள் பேரும் புகழுமாக நிற்கட்டும், இவள் மட்டமாகத் தெரியட்டும் என்று மனிதர் செய்த வேலை. கேட்டால், "கை அசந்துடுச்சு" என்பார். அதற்குமேல் வாயைப் பிடுங்கினாலும் ஒன்றும் வராது.

இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். நடுவில் யாரோ பணக்காரக் கம்பெனி மூன்றாவது தடவையாக அதே நாடகத்தைப் போட்டதே, அது தண்டம். மேடையில் நிஜத் தண்ணீர் விட்டார்கள். தொட்டி ஒழுகிப் புல்லாங்குழல்காரர் காலைத் தூக்கி நாற்காலியில் மடித்துக்கொண்டு வாசித்தார். ராணிக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நின்று ஆடியது. "அவ்வளவு பேர் துறையில நின்னா அவ ஏன் தனியா அழறா?" என்று ஸ்பாட்டு அங்கேயே சத்தமாகக் கேட்டுவிட்டார். அன்று வீடு வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

இப்போது நாலாவது தடவை. இந்த முறை போடுகிறவர்கள் சின்னப் பிள்ளைகள். தண்ணீரும் வேண்டாம், பட்டாளமும் வேண்டாம், அசல் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவருகிறோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நாடகம் முடிந்ததும் மேடையில் ஒரு கலந்துரையாடல் வைத்திருந்தார்கள். அதை நடத்துகிற பத்திரிகைக்காரப் பெண் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள்.

"பெரிய ராணியம்மா மகனோட வெளிநாட்டுல இருக்காங்க, வர முடியலைன்னுட்டாங்க. நீங்க ரெண்டு பேரும்தான் வந்து அன்னிக்கும் இன்னிக்கும் ஒப்பிட்டுப் பேசணும். சார்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்."

என்ன கேள்வி என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. இத்தனை நாள் பேருந்திலும் வரவேற்பிலும் சொன்னதை இனி மைக் வைத்து, அரங்கு நிறைய ஜனங்களுக்கு முன்னால் சொல்லப்போகிறார். வரமாட்டேன் என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள். "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று சிரித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மகள் கூட்டிப்போக வந்திருந்தாள். மூன்றாவது மாடி வீடு. மாடிப்படி விளக்கு எரியாமல் போய் எத்தனையோ மாதமாகிறது, ஜன்னலும் இல்லாததால் பகலிலும் படி கும்மிருட்டாகக் கிடக்கும். வழக்கம்போல ஸ்பாட்டு டார்ச்சோடு முன்னால் இறங்கி, திரும்பி நின்று அவளுக்கு வெளிச்சம் காட்டினார். வழக்கம்போல வெளிச்சம் அவள் மூஞ்சியில் வந்து விழுந்தது.

"படியில அடிங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மூஞ்சியிலயா காலை வெச்சு இறங்குறேன்?"

"அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். ரெண்டு படி போவதற்குள் அது மறுபடி மேலே ஏறிவிட்டது. ஊருக்கே வெளிச்சம் காட்டிச் சம்பாதித்த மனிதருக்கு வீட்டுப் படியில் வெளிச்சம் காட்டத் தெரியவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது அம்மா மானத்தை வாங்காம பேசுங்க" என்றாள் மகள், காரை எடுத்துக்கொண்டே.

"நான் எப்பம்மா வாங்கினேன்? அசல்..."

"வாயை மூடுங்கப்பா."

அரங்கில் மகள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். திரை விலகியதும் சின்ன ராணி கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள், எங்கே குறை கிடைக்கும் என்று. கிடைக்கவில்லை. டிக்கெட் கூண்டு அதே அளவு, அதே பச்சைச் சாயம். புது ராணியாக வந்த பெண் டிக்கெட்டைக் கிழிக்கிற சத்தம்கூடப் பாட்டின் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்தது. குரல் கொஞ்சம் மெல்லியது, ஆனால் பொய் இல்லாத குரல். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே சின்ன ராணிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. இரண்டாவது பாட்டில் இவளும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்புக் காட்சியில் இவள் சிரித்த சிரிப்புக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து நாடகம் பார்த்து! நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்தக் கடைசிப் பாட்டு வந்தது. படகு கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. அந்தக் கிறீச்சுச் சத்தத்தைக்கூட விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். புது ராணி பாடினாள். கடைசி வரிக்கு முன்னால் மூச்சு எடுத்தாள். இப்போதெல்லாம் விளக்குக்குக் கம்ப்யூட்டர்தான், புறாக்கூண்டில் ஆளே கிடையாது. சொன்ன நொடியில் விளக்கு அவளை விட்டு நகர்ந்து காலிப் படகில் போய் உட்கார்ந்தது. இருட்டிலிருந்து அந்தக் குரல் மட்டும் வந்தது.

'ஆளில்லாப் படகே, அடுத்த தடவை அழைத்து வா.'

சின்ன ராணிக்கு உடம்பு சிலிர்த்தது. அசல் மேடையேறிய காலத்தில் அவள் வேறு ஊரில், ஓர் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. இதுதானா அது? இப்படியா இருந்தது? தன் குரலும் ஒரு நாள் அந்த இருட்டிலிருந்து வந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகை முட்டியது. அடுத்த நிமிஷம் கைவலிக்கத் தட்டினாள். நல்லதை நல்லது என்று சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

மேடையில் நாற்காலிகள் போட்டார்கள். புது ராணி வேஷம் கலைக்காமலேயே ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகைக்காரப் பெண் மைக்கை முதலில் இவளிடம்தான் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க ராணிக்கும் இந்த ராணிக்கும் என்ன வித்தியாசம்?"

என்னவெல்லாமோ பேசவேண்டும் என்று வீட்டில் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா எல்லாரும் அசல் அசல்னு சொல்லும்போது எனக்குக் கோவம்தான் வரும். இன்னிக்குத்தான் அதைக் கண்ணால பார்த்தேன். கடைசி வரியை இருட்டுல பாடணும். அதுதான் சரி. நான் பாடினப்ப விளக்கு என் மேலேயே நின்னுடுச்சு, அந்த இடமே கெட்டுப்போச்சு." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அசல் அசல்தாங்க. என் வாயாலயே சொல்லிட்டேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு லேசானது மாதிரியும் இருந்தது, எதையோ தொலைத்த மாதிரியும் இருந்தது. சரி, மனிதர் இப்போது குளிர்ந்திருப்பார் என்று பக்கத்தில் பார்த்தாள். ஸ்பாட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார். முகம் ஏதோ திருடு போனவர் மாதிரி இருந்தது.

"இல்ல, இல்ல" என்றார். மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரப் பெண் ஓடிப்போய்க் கொடுத்தாள். "இல்லம்மா. அவ தப்பா சொல்றா. அந்த இடம் கெட்டது அவளால இல்ல, என்னால."

"அது இயக்குநர் முடிவு இல்லையா சார்? வேணும்னே மாத்தினதா நான் நினைச்சேன்."

"அவரு தினம் என்னைத் திட்டினாரு பாவம்."

"அப்ப விளக்குல ஏதாவது கோளாறா?"

"விளக்கு அதே விளக்குதான். எண்ணெய் போட்டு வெண்ணெய் மாதிரி வெச்சிருந்தேன். விரல் வெச்சா திரும்பும்." அவர் தலையைச் சொறிந்தார். "லைட்மேனுக்கு ஒரு பழக்கம் இருக்கு. விளக்கு யார் மேல இருக்கோ அவங்களைப் பார்க்கக்கூடாது. அடுத்து அது எங்க போகணுமோ, அங்கதான் கண்ணு இருக்கணும். அப்பதான் நேரத்துக்குக் கை திரும்பும். அசல்ல அந்தம்மா பாடும்போது நான் படகைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் கூட லேட்டானதில்ல."

"சரி சார். மறுபடி போட்டப்ப?"

ஸ்பாட்டு மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அறுபத்தேழு வயது மனிதர் காதுமடல் சிவக்க உட்கார்ந்திருந்ததை அரங்கே பார்த்தது.

"மறுபடி போட்டப்ப... படகைப் பார்க்கணும்கிறது ஞாபகமே வரல."

முதலில் புது ராணிக்குத்தான் புரிந்தது. "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் முன்வரிசையில் ஒரு சிரிப்பு, பின்வரிசையில் ஒரு விசில், பிறகு அரங்கமே எழுந்துகொண்டது.

"தினமுமா சார்?"

"தினம் இன்னிக்குச் சரியா பண்ணிடணும்னுதான் ஏறுவேன். இவ பாட ஆரம்பிப்பா. திரை இறங்கும்போதுதான் விளக்குன்னு ஒண்ணு கையில இருக்கிறதே தெரியும்."

"அப்ப எது உசத்தி? அதைச் சொல்லுங்க!" என்று ஜனங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். கேட்டது வேறு யாருமில்லை, பல் டாக்டர்தான்.

"நான் என்னத்தைச் சொல்றது? காட்சியா பார்த்தா அசல்தான் சரியா வந்துச்சு. அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அசலுக்கு நான் வேலை செஞ்சேன். இவளோடதுக்கு நான் எங்க வேலை செஞ்சேன்? உட்கார்ந்து இவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டையும் எப்படி ஒப்பிடறது?"

சின்ன ராணி கீழே குனிந்து, இல்லாத செருப்புவாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தினால் சிரிப்பு வருமா அழுகை வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் வந்தது. இத்தனை வருஷம் அவள் திட்டிய திட்டெல்லாம் வரிசைகட்டி வந்து நின்றது, விசுவாசம், தூக்கம், சதி என்று. பாவி மனிதன், ஒன்றுக்காவது மறுபேச்சுப் பேசியிருக்கக்கூடாதா?

காரில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? ஏணியில ஏறி வந்து, ஏன் லேட்டு, ஏன் லேட்டுன்னு நீ போட்ட சத்தத்துல எனக்கு நாக்கே எழும்பல. கை அசந்துடுச்சுன்னு வாயில வந்துச்சு. ஒரு தடவை சொன்னதை எப்படி மாத்துறது? வேலையில தப்பு பண்ணினதுக்கு இப்படி ஒரு காரணம் சொன்னா எந்த லைட்மேன் மதிப்பான்?"

"கல்யாணத்துக்கு அப்புறமாவது?"

"கல்யாணமே பண்ணிக்கிட்டேனே. அதுலயே தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

மகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப அன்னிக்கு நேரத்துக்கு விளக்கைத் திருப்பியிருந்தா, அம்மா ஏணி ஏறியிருக்க மாட்டாங்க. நான் பிறந்திருக்கவே மாட்டேன்!"

"உன் நல்ல நேரம், உங்கப்பனுக்கு வேலை தெரியல" என்றாள் சின்ன ராணி. சொல்லும்போதே குரல் கனிந்துவிட்டது. பெரிய ராணியை நினைத்துக்கொண்டாள். பாவம் அந்த அம்மாள், எவ்வளவு நன்றாகப் பாடியிருப்பார்! முதன்முதலாக அவர்மேல் துளிக்கூடக் கோபம் வரவில்லை. சின்ன ராணி என்று இனி யார் கூப்பிட்டால் என்ன, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கினார்கள். மாடிப்படி வழக்கம்போல இருண்டு கிடந்தது. மகள் சாவியை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று மேலே போய்விட்டாள். ஸ்பாட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நாலு படி போய்த் திரும்பி நின்று வெளிச்சம் காட்டினார். அது நேராக அவள் மூஞ்சியில் வந்து விழுந்தது.

'படியில அடிங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் துழாவித் துழாவி ஏறினாள். கண் கூசியது. கூசட்டும். முட்டி வலித்தது, அதுவும் பரவாயில்லை. இரண்டாவது மாடி திரும்பும்போது தன்னையறியாமல் கடைசிப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது மாடிக்கு வந்தபோது அது முணுமுணுப்பாக இல்லை, முழுக்குரலாகவே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"அப்பா, பூட்டுக்கிட்ட கொஞ்சம் காட்டுங்க. சாவி ஓட்டை தெரியல" என்றாள் மகள் கதவருகே நின்று.

"இதோம்மா, இதோ" என்றார் ஸ்பாட்டு.

விளக்கு நகரவில்லை.